பேர் சொல்லிக் கூப்பிடு

கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் பழுப்பு நிலக்கரியை அள்ளிப் போடுவது எங்கள் வேலை. நாங்கள் ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் சுரங்கத்தில் ஒரே பெயர்தான், காண்ட்ராக்ட். "ஏ காண்ட்ராக்ட், இங்க வா" என்று ராஜ்மோகன் சார் குரல் கொடுத்தால் ஆறு தலையும் திரும்பும். அவர் பெர்மனென்ட், கம்பெனியின் நிரந்தர ஊழியர்; நாங்கள் தினக்கூலி ஒப்பந்தக்காரர்கள். யாரைக் கை காட்டுகிறாரோ அவள் ஓட வேண்டும். போன வாரம் வரைக்கும் எனக்கு இது உறைக்கவே இல்லை.

போன வாரம் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு கேட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து "யாரு?" என்றார்கள். "காண்ட்ராக்ட்டுங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது. இசைப்பிரியா என்று அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர் நாக்கு நுனிக்குக்கூட வரவில்லை. அவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நானே என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் ராஜ்மோகன் சார் "ஏ காண்ட்ராக்ட்" என்று கூப்பிட்டு என்னைக் கை காட்டினார். நான் திரும்பவில்லை.

"உன்னத்தான்டி கூப்ட்டுகினு இருக்காரு" என்று சின்னம்மாள் அக்கா முழங்கையால் இடித்தாள். "பாஸ புடுங்கிட்டா என்னா பண்ணுவ?"

பாஸ் போனால் கேட்டுக்குள் விட மாட்டார்கள், வேலை போய்விடும். தெரியும்.

"எனக்குப் பேரு இருக்குதுக்கா."

ராஜ்மோகன் சார் பக்கத்திலேயே வந்துவிட்டார். "காது கேக்கல? மகாராணின்னு கூப்பிடணுமா?"

"வேணாம் சார். என் பேரச் சொன்னா போதும்."

அவருக்கு முகம் சுருங்கிப் போனது. எங்களை வேலைக்கு அனுப்பும் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். பெல்ட் இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்தார். "உங்க காண்ட்ராக்ட் ஒண்ணு திமிர் பண்ணுது. நாளையிலிருந்து அனுப்பாதீங்க."

"யாரு சார்? பேரச் சொல்லுங்க."

அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாகத் தினமும் என் முகத்தைப் பார்க்கிற மனிதர். என்னை வேலையை விட்டுத் துரத்தக்கூட அவருக்கு என் பெயர் வேண்டியிருந்தது. பயத்தை மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன் பேரென்ன?"

"இசைப்பிரியா. சுருக்காம முழுசா சொல்லுங்க."

"இசைப்பிரியா" என்று போனில் சொன்னார்.

"சொல்லுங்க சார்" என்றேன் நான், என்னைக் கூப்பிட்ட மாதிரி.

சின்னம்மாள் அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தாள். "என் பேரும் சொல்லிடுங்க சார். சின்னம்மாள்."

"ராஜாம்பாள்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் மற்றவர்களும்.

போனில் காண்ட்ராக்டர் பதறினார். "ஆறு பேரையும் நிறுத்திட்டா பெல்ட்டுக்கு யாரு சார்?"

ராஜ்மோகன் சார் போனை அணைத்தார். "சரி, இசைப்பிரியா. போய் வேலையப் பாரு."

நான் நகரவில்லை.

"மிச்ச அஞ்சு பேரும் இங்கதான் நின்னுகினு இருக்காங்க சார்" என்றேன்.