நான்காம் குடிலின் ஜூலை

நீள்கை ஏரி முகாமின் நான்காம் குடிலில் ஜூலை மாதம் முடியவே இல்லை. அந்த வருடம் ஆகஸ்ட் வந்தது, ப்ளூபெர்ரி பழுத்தது, செப்டம்பரில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகி லூன் பறவைகள் தெற்கே போயின, நவம்பரில் ஏரி உறைந்தது. நான்காம் குடிலைச் சுற்றிப் பத்தடி நிலத்தில் மட்டும் புல் பச்சையாகவே நின்றது. பனி அந்தக் கூரைக்கு மேலே வந்ததும் தூறலாக மாறி விழுந்தது. கொசுவும் போகவில்லை. இதைத்தான் ஊரில் எல்லோரும் குறையாகச் சொன்னார்கள். ஜனவரியில் கொசுக்கடி என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

வடக்கு ஒன்டாரியோவில் ஃபின்லாந்துக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய முகாம் அது. வெய்க்கோ அங்கே காவல்காரன், தச்சன், படகு பார்ப்பவன் எல்லாம். அவன் மனைவி சைமி சமையல்காரி. இருவரும் வருடம் முழுவதும் அங்கேயே இருப்பவர்கள். மே மாதம் ஏரியின் பனிக்கட்டி உடையும்போது வெய்க்கோ சக்கரம் வைத்த மரப் படகுத்துறையை உருட்டி நீரில் இறக்குவான். ஜூனில் கருப்பு ஈக்களிடம் கடி வாங்கிக்கொண்டு கூரை மாற்றுவான். பிள்ளைகள் போன பிறகு துறையைக் கரையேற்றுவான். குளிர்காலம் முழுக்கக் கூரைகளில் சேரும் பனியை வழித்துத் தள்ளுவான். பனியின் பாரத்தில் கூரை உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா? அவர்களுக்கு ஒரே மகள், இர்யா. ஒன்பது வயது, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. வாய் மட்டும் ஊருக்கே போதும். கோடையில் பெற்றோரோடு தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, நான்காம் குடிலில் மற்ற பெண்பிள்ளைகளோடு படுப்பாள்.

நீச்சல் துறையில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு வட்ட மரவில்லை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. நீரில் இறங்கும்போது சிவப்பைக் காட்டித் திருப்ப வேண்டும், ஏறியதும் வெள்ளை. அவரவர் வில்லையை அவரவர்தான் தொட வேண்டும். இர்யாவுக்கு இது மட்டும் மண்டையில் ஏறவே ஏறாது. கரையேறியதும் சமையலறைக்கு ஓடி ஏலக்காய் ரொட்டியைத் திருடித் தின்பாள். வில்லை சிவப்பாகவே கிடக்கும். காவலுக்கு நிற்கும் ஹெல்வி என்ற கல்லூரிப் பெண் பதறிப்போய்த் தேட, வெய்க்கோ மகளைக் காதைப் பிடித்து இழுத்து வருவான்.

அன்று மேகம் கறுத்தது. ஹெல்வி விசிலடித்து எல்லோரையும் கரையேற்றினாள். வெய்க்கோ துடுப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையைக் கடந்தபோது ஒரே ஒரு வில்லை சிவப்பாக இருந்தது. “கழுதை, இன்னைக்கும் மறந்துட்டா,” என்று சொல்லி, சிரித்துக்கொண்டே அதை வெள்ளையாகத் திருப்பிவிட்டுப் போனான். மிதந்து போன தகரக் குவளை ஒன்றை எடுக்க இர்யா துறையின் மறுபக்கமாகத் திரும்ப நீரில் இறங்கியிருந்தது அவனுக்குத் தெரியாது. ஹெல்வி பலகையைப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. மழைக்கு முன் சாப்பாட்டுக்கூடத்துக்கு எல்லோரையும் அழைத்துப் போனாள். மீன் சூப்பைக் கரண்டியில் அள்ளிய சைமிதான், “எம் பொண்ணு எங்க?” என்று கேட்டாள்.

துறைக்கு அப்பால் ஏரி கிணறுபோல் இறங்குகிறது. இர்யா கிடைக்கவில்லை. வெய்க்கோ அன்றே மனைவியிடம் வில்லையைப் பற்றிச் சொல்லிவிட்டான். மறைக்கும் ஆள் இல்லை அவன். சைமி கேட்டுக்கொண்டாள். ஏப்ரனை அவிழ்த்து அடுப்பின் மேல் வைத்தாள். நான்காம் குடிலுக்குப் போய் மகளின் கட்டிலில் படுத்தாள். அதற்குப் பிறகு அவனோடு அவள் பேசவில்லை. ஜூலையும் அங்கேயே தங்கிவிட்டது.

அவள் அங்கே கிடந்ததற்குக் காரணம் இருந்தது. தினமும் சாயங்காலம் வாசலிலிருந்து கட்டில்வரை ஈரமான சின்னக் கால்தடங்கள் வரும். வருபவள் தெரிய மாட்டாள். தடங்கள் துண்டு மாட்டும் கொக்கியின் கீழே கொஞ்சம் நின்று, பிறகு காய்ந்துவிடும். சைமி அவற்றுக்காகத்தான் உயிரோடிருந்தாள்.

ஊர் பழகிக்கொண்டது. பிப்ரவரியில் தக்காளி நாற்றுகளைக் கொண்டுவந்து குடிலின் படியில் வைத்துவிட்டுப் போவார்கள். கடைக்கார ரெய்னோ வழியில் வெய்க்கோவைப் பார்த்தால், “யோவ், உங்கிட்ட இருக்கிற ஜூலைல எனக்கும் ஒரு கால் கிலோ கட்டிக் குடுய்யா, முட்டி வலிக்குது,” என்பான். சொன்ன பிறகு தன் வாயைத் தானே நொந்துகொள்வான். கோடைகளில் முகாம் நடந்தது. சைமி சமைத்தாள், எல்லோரிடமும் பேசினாள். வெய்க்கோ தட்டை நீட்டினால் சூப் மட்டும் விழும். வருடங்கள் போயின. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அவன் விறகு பிளந்து நான்காம் குடிலின் கூரை இறவாணத்தின் கீழே அடுக்கிவைத்தான். ஜூலையில் இருப்பவளுக்கு விறகு எதற்கு என்று அவனுக்கும் தெரியும். வேறு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அடுக்கு ஜன்னல்வரை உயர்ந்தது. உள்ளே போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. பலகையை வருடாவருடம் மாட்டினான், கழற்றினான். இர்யாவின் வில்லை வெள்ளையாகவே இருந்தது.

ஒரு மார்ச் மாதம், காலையில், வெய்க்கோ தனியாக இருந்த காவல்வீட்டின் கதவு தட்டப்பட்டது. சைமி வெறுங்காலோடு பனியில் நின்றிருந்தாள். கையில் ஒரு துண்டு.

“இதத் தொட்டுப் பாரு.”

தொட்டான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“தெனமும் காயப் போடுறேன். தெனமும் நனைஞ்சிடுது. அவ இன்னும் ஈரமாவே இருக்கா, வெய்க்கோ. துண்டுகிட்ட வந்து வந்து நிக்கிறா. நான் தடத்தப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். நானெல்லாம் ஒரு அம்மாவா?”

சைமி ஏரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

“போயி வில்லையத் திருப்பு.”

“திருப்பினா போயிடுவாளே, சைமி.”

“எங்க போறது? தண்ணியிலதான் இருக்கா. வெளிய வந்துட்டா, வந்துட்டான்னு அந்தப் பலகை பொய் சொல்லிக்கிட்டே இருக்கு. அப்புறம் யாரு தேடுவா?”

வெய்க்கோ தன் செருப்பை அவள் காலில் மாட்டிவிட்டு, கொட்டகையிலிருந்து பலகையைத் தூக்கிவந்து கரையில் நிறுத்தினான். இர்யாவின் வில்லையைத் திருப்பினான். சிவப்பு.

உடனே நீண்ட விசில் கேட்டது. ஊதியவர் யாருமில்லை, ஆனால் ஊர்வரை கேட்டது. நீச்சல் துறை அளவுக்குப் பனிக்கட்டி பானை மூடியைப்போல் விலகியது. ஆழமாக இருந்த இடத்தில் நீர் இடுப்பளவு நின்றது. நீண்ட விசில் கேட்டால் நீரில் யாரையோ காணோம், இறங்கித் தேட வேண்டும் என்று அந்த முகாமில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ரெய்னோ கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்தான். ஆசிரியையாகிவிட்ட ஹெல்வி வகுப்பிலிருந்து சாக்பீஸ் கையோடு வந்தாள். கோட்டும் தொப்பியுமாக நீரில் இறங்கி, கையோடு கை கோத்து, கரையிலிருந்து வரிசையாக நடந்தார்கள். வெய்க்கோவின் பக்கத்தில் நிற்க வேண்டிய இடத்தை யாரும் நிரப்பவில்லை. சைமி வந்து நின்றாள். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அவன் கையைப் பிடித்தாள், எலும்பு வலிக்கும் அளவுக்கு.

வெய்க்கோவின் காலில்தான் அவள் தட்டுப்பட்டாள். அன்று இருந்தபடியே இருந்தாள். குவளையைக் கையிலிருந்து விடவில்லை. அவன் தூக்கிக்கொண்டு கரையேறும்போது அழுத அழுகையை, வரிசையில் நின்றவர்கள் இன்னும் சொல்லமாட்டார்கள்.

அவர்கள் வழக்கப்படி இறந்தவர்களைச் சௌனா என்ற நீராவிக் குளியலறையில்தான் குளிப்பாட்டுவார்கள். விறகு தேட வேண்டியிருக்கவில்லை. இறவாணத்து அடுக்கு அத்தனை வருடமும் அதற்காகவே காத்திருந்ததைப்போல் காய்ந்து கிடந்தது. வெய்க்கோ அடுப்பு மூட்டினான், வெந்நீர் சுமந்தான். சைமி மகளைக் கழுவினாள், தலை துவட்டினாள், விரல் இடுக்குகளை, காது மடலின் பின்புறத்தை, ஓர் இடம் விடாமல் துடைத்தாள். துண்டு இந்தத் தடவை காய்ந்தே இருந்தது. “அப்பாடா,” என்றாள்.

மார்ச்சில் அந்த ஊரில் கடப்பாரையும் உறைந்த மண்ணில் இறங்காது. நான்காம் குடிலின் பிர்ச் மரத்தடியில் மட்டும் மண் ஜூலை மண்ணாக, மெத்தென்று இருந்தது. அங்கேயே குழி வெட்டினார்கள். கடைசி மண்வெட்டி மண் விழுந்ததும் புல் பழுத்தது. தூறல் பனியாயிற்று. நான்காம் குடிலின் கூரை அத்தனை வருடங்களில் முதல்முறையாக வெளுத்தது.

எல்லோரும் போன பிறகு வெய்க்கோ கரைக்குப் போனான். ஏரி மறுபடி மூடியிருந்தது. பலகையில் ஒரே ஒரு சிவப்பு. அவரவர் வில்லையை அவரவர்தான் தொட வேண்டும் என்பதால் தயங்கி நின்றான். சைமி பின்னாலேயே வந்திருந்தாள்.

“வெளிய வந்துட்டா,” என்றாள். “இப்பத் திருப்பு.”

திருப்பினான். பிறகு பனி வழிக்கும் வாரியை எடுக்கப் போனான். விடியும்போது நான்காம் குடிலின் கூரையில் பாரம் ஏறியிருக்கும். சைமி ஏணியைக் கொண்டுவந்தாள்.