வாசலில் ஒரு வினைச்சொல்

புது மருத்துவமனையின் வாசல் பலகைக்கான வரிகளில் எழுத்துப்பிழை பார்ப்பது மட்டும்தான் கோரலியின் வேலை. பிழை இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

'விராஜுரி மக்கள் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய குடில்களே இந்த மருத்துவமனைக்கு மாதிரி.'

மதியம் இது இரும்புத் தகட்டில் வெட்டப்படும். அப்புறம் அவளுடைய சனம், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான விராஜுரிகள், ஒவ்வொரு முறையும் இந்த வரிகளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

கட்டடத்தை வடிவமைத்த பிலிப் வந்து நின்றார். "முடிஞ்சுதா கோரலி? பட்டறையில காத்திருக்காங்க."

"ஒரு சொல்லு தப்பா இருக்கு பிலிப்."

"ஸ்பெல்லிங்கா?"

"இல்ல. 'வாழ்ந்தார்கள்'."

சாரத்தின் மேலிருந்து அவளுடைய பெரியம்மா மகன் டார்சி எட்டிப் பார்த்தான். அந்தச் சுவரின் செங்கல் முழுவதும் அவன் அடுக்கியது. "ஏய் தங்கச்சி, அப்ப நான் பேயா? பேய்க்கு எதுக்கு ஹெல்மெட்டுன்னு கேளு!"

பிலிப்பின் முகம் சிவந்தது. "தப்புதான். நீயும் விராஜுரிதானே, நீயே சரியா எழுதிக் குடு. இப்பவே."

நான்கு வருடமாகக் கூட்டங்களில் வாய் திறக்காதவள் அவள். எழுத வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிக்கொண்டாள்.

"நான் எழுதக் கூடாது. நான் வேற ஊரு, நரண்டரா பொண்ணு. இந்தக் கரை கிளெனிஸ் ஆன்ட்டி குடும்பத்தோட மண்ணு, இதுக்காகப் பேச வேண்டியது அவங்கதான். அவங்களை யாரும் கேக்கல."

"ரெண்டு மணி நேரத்துல வெட்டணுமே!"

"அப்ப வெட்ட வேணாம். நிறுத்தச் சொல்லுங்க."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். பிலிப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வியாழக்கிழமை கிளெனிஸ் ஆன்ட்டி தன் இரண்டு தங்கைகளோடு வந்தாள். தாளைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் படித்தாள். "குடிலாம்! வீடுன்னு எழுத வாய் வரலையா இவனுக்கு?" தங்கைகள் சிரித்தார்கள். மூவரும் ஆற்றங்கரைக்கு நடந்துபோய் வெகுநேரம் பேசினார்கள். பிலிப் கைகட்டிக் காத்திருந்தார்.

திரும்பி வந்தபோது தாளில் எல்லாம் அடிக்கப்பட்டிருந்தது. கீழே பென்சிலில்:

'இது விராஜுரி நாடு. நாங்கள் இங்கே இருக்கிறோம். உள்ளே வாங்க.'

"இதுதான் வெட்டணும். ஒரு எழுத்து மாறக் கூடாது," என்றாள் ஆன்ட்டி. "பழசை நிறுத்துனது யாரு?"

பிலிப் கோரலியைக் காட்டினார்.

ஆன்ட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

கோரலி தாய்வழிப் பெயரைச் சொன்னாள், தந்தைவழிப் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். வேலையாட்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.