கொனாடு வாங்கிய பழைய இரும்பு

கானா நாட்டின் குமாசி நகரில், சுவாமே பட்டறைப் பகுதியில் எனக்கு நட்டு போல்ட்டுக் கடை. எதிரே கொனாடு அக்காவின் பட்டறை. மரவள்ளிக்கிழங்கைத் துருவும் மெஷின் செய்வதில் எங்கள் வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆறு பேருக்கு வேலை கொடுத்திருந்தாள்.

அந்த வருடம் ஜனவரியோடு ஆர்டர் நின்றுவிட்டது. எஜுரா பக்கத்துக் கிராமங்களிலிருந்து வழக்கமாக வருபவர்கள் வரவில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் முப்பது மெஷின் இலவசமாகத் தரப்போகிறதாம். மார்ச்சில் அக்கா இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினாள்.

மெஷின் வழங்கும் விழா எஜுராவில் நடந்தது. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நிறுவனத்தின் ஆள் ஹென்ரிக், நல்ல மனுஷன், எல்லோரிடமும் கை குலுக்கினார். அக்காவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா? இனிமே கையால துருவ வேண்டாம், சந்தோஷமா?"

"ரெண்டு பிள்ளைங்க. நான் கையால துருவினதே இல்ல சார். இந்த மெஷின செய்றவ நான்."

"செய்றதுன்னா... எங்கிருந்து வரவழைக்கிறீங்க?"

"என் பட்டறையிலருந்து."

அவர் சிரித்துத் தலையாட்டினார். நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. மெஷின் வாங்குவோர் பட்டியலில் அவள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் முப்பதில் பத்தொன்பது மெஷின் நின்றுபோனது. எஜுரா பெண்கள் சங்கத் தலைவி செர்வா ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"வாடி செர்வா. இலவசம் இனிச்சுதா?" என்றாள் அக்கா.

"குத்திக்காட்டாதக்கா. சும்மா தந்தா வேணாம்னு நீ சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருக்க மாட்டேன். இறக்கு, பாப்போம்."

பிரித்துப் பார்த்தோம். உருளையின் பற்கள் கேரட் துருவத்தான் லாயக்கு. கிழங்கின் நார் சிக்கி இறுகிப்போயிருந்தது. ஆனால் மோட்டார் மட்டும் முதல் தரம். அக்கா அதைத் துடைத்து, கையால் சுழற்றி, காதை வைத்துக் கேட்டாள். பிறகு செர்வாவிடம், "இத ரிப்பேர் பண்றது வீண். மோட்டார எனக்குக் குடு, அந்த விலையக் கழிச்சுக்கிட்டு என் மெஷின எடுத்துட்டுப் போ" என்றாள்.

செய்தி மற்ற கிராமங்களுக்கும் போனது. அனுப்பிய இருவரையும் அக்கா திரும்பக் கூப்பிட்டாள். டிசம்பருக்குள் பத்தொன்பது மோட்டாரும் அவளுடைய இரும்புச் சட்டங்களில் ஏறி, வந்த கிராமங்களுக்கே போய்ச் சேர்ந்தன. மிச்ச இரும்பைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி உருக்கக் கொடுத்தாள். நிற்காத பதினொன்றும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தன.

பிப்ரவரியில் ஹென்ரிக் கணக்கெடுக்க வந்தார். கிராமங்களைச் சுற்றிவிட்டு நேரே பட்டறைக்கு வந்து, தீப்பொறிக்கு நடுவே வெகுநேரம் நின்றார்.

"எந்த நிறுவனம் உங்களுக்குப் பயிற்சி குடுத்துச்சு மேடம்?"

"என் வீட்டுக்காரரோட அண்ணன்கிட்ட வெல்டிங் கத்துக்கிட்டேன். மீதியக் கெட்டுப்போன மெஷினுங்ககிட்ட."

அவர் முகம் சிவந்தது. "அன்னைக்கு நீங்க சொன்னத நான் காதுல வாங்கல" என்றார்.

"அடுத்த முறை இங்கயே வாங்குங்களேன்."

"எங்க நாட்டுல செஞ்சதத்தான் வாங்கணும்னு பணம் குடுக்கிறவங்க நிபந்தனை. நான் பேசிப் பாக்கறேன். ஆனா உறுதி சொல்ல முடியாது."

அக்கா அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். பட்டறைப் பையன்களில் ஒருவன் தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்தான். குடித்துவிட்டு, கணக்குத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"எத்தனை மெஷின் ஓடுதுன்னு இதுல எழுதணும். என்ன எழுதறதுன்னு தெரியல."

அக்கா யோசித்தாள். "முப்பது மோட்டாரும் ஓடுதுன்னு எழுதுங்க. அது பொய்யில்ல."

அவர் அப்படியே எழுதினாரா என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் இலவச மெஷின் வரவில்லை. அக்காவுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து ஆர்டரும் வரவில்லை. எஜுராவிலிருந்து வழக்கமாக வருபவர்கள் வந்தார்கள்.