பந்தய உடுப்பு

பள்ளி ஓட்ட அணி முழுவதற்கும் உடுப்பு தைக்கும் வேலை என் கடைக்கு வந்தது. மற்றப் பிள்ளைகளை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து அளவெடுத்தேன். என் மகளை மட்டும் கூப்பிடவில்லை. பெற்றவளுக்குத் தெரியாத அளவா என்ற திமிர்தான். போன வருஷத்து அளவோடு கொஞ்சம் கூட்டி வெட்டச் சொன்னேன்.

உடுப்பு தைத்து முடித்த அன்று, பள்ளி விட்டதும் மகள் கடைக்கு வந்தாள். திரைக்குப் பின்னால் போய் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தவள், கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டால் கீழே விழுந்துவிடும்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கட்டிங் மாஸ்டர்தான் அகப்பட்டார்.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு வெட்டுனீங்க? இதுக்குள்ள ரெண்டு பேர் குடித்தனம் பண்ணலாம் போலிருக்கு!"

"நீங்க சொன்ன அளவுதான்க்கா. வேணும்னா டேப் வச்சுப் பாருங்க."

அளந்தேன். உடுப்பில் தப்பில்லை. அவள் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன். பழைய டேப், இழுபட்டுப் போய்க் குறைத்துக் காட்டுகிறது என்று நினைத்தேன். புது டேப்பைப் பிரித்து அளந்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

என் கை அவள் முதுகில் பட்டது. துணிக்கு அடியில் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில்தானே இருக்கிறோம்! விடிவதற்குள் எழுந்து ஓடுகிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எப்போதும் தொளதொள சட்டைதான் போடுவாள். இந்த வயதுப் பிள்ளைகளின் ஃபேஷன் போல என்று விட்டுவிட்டேன்.

"என்னடி குட்டி இது? இவ்வளவு இளைச்சிருக்க?"

அவள் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"நிஜமாவாம்மா? அவ்வளவு தெரியுதா?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கைப்பழக்கத்தில், தொங்கிய துணியை மடித்து ஊசி குத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இப்பவே பிடிச்சுத் தைச்சிடாதம்மா. பந்தயத்துக்குள்ள இன்னும் குறைச்சிடுவேன்."

ஊசியைக் கீழே போட்டேன்.

"மாஸ்டர், கடையைச் சாத்துங்க. டாக்டர்கிட்ட போகணும்."

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஏம்மா, யாருக்கு உடம்பு சரியில்ல?"