ராசா உடுப்பின் இடுப்பளவு

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி மாதம், தலைமன்னாரில் சிசிலியாவின் அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த ராசா உடுப்பு இடுப்பில் நாலு அங்குலம் ஒடுங்கியது. அந்த வாரம் பாரை மீன் மலிவு. உடுப்பு அவளுடைய புருசன் அன்ரனியுடையது. ஊர்க் கூத்தில் பதினாறு வருடம் ராசா வேடம் கட்டியவன். பாட்டில் பிழை கண்டால் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைக் கேளாமலே திருத்தி எழுதுகிற திமிர் பிடித்தவன். வெள்ளாங்குளத்துக்குக் கூத்துப் பழக்கப் போன இடத்தில் பாதை பூட்டுப்பட்டு, சண்டையோடு சண்டையாகக் கிழக்கே இழுபட்டுப் போனான். சண்டை முடிந்து, முட்கம்பி முகாமில் அவனைத் தனியே பிரித்து பஸ்ஸில் ஏற்றியதை வெள்ளாங்குளத்து அழகையா கண்டிருக்கிறார். தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்களாம் ஆமிக்காரர். எந்தத் தடுப்பு என்று கேட்க அழகையாவுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அவரும் அதே பஸ்ஸில் போயிருப்பார்.

ஊரில் முதற் பழி தையற்காரர் நஸார் மீது விழுந்தது. புத்தளத்தில் அகதியாய் இருந்து திரும்பி வந்த மனுசன், மலிவுத் துணியில் தைத்து ஏமாற்றிவிட்டார் என்றார்கள். அவர் நாடாவோடு வந்து அளந்தார். முப்பத்தெட்டாகத் தைத்தது முப்பத்துநாலு காட்டியது. ஒரு நூலும் அசைந்திருக்கவில்லை. ஆனியில் முப்பது. ஒரு காலை வலது கை முழங்கையில் மடிந்து கிடந்தது, நிமிர்த்தினால் நிமிரவில்லை. கழுத்துப் பட்டியில் வேர்வை ஊறியது. உடுப்பு அன்ரனியின் உடம்பைச் சொல்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டைத் தாண்டுகிறவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். ஆனாலும் அளவு கேட்காமல் ஒருவரும் தாண்டவில்லை. சிசிலியா உடுப்பைக் காணாமற்போனவர்களைப் பதிகிற கந்தோருக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த ஐயாவும் அளந்து பார்த்துவிட்டு, உடுப்பை வைத்து ஆள் உயிரோடிருக்கிறார் என்று பதிய ஏலாது, அவர் கைப்பட ஒரு கடிதம் இருந்தால் கொண்டுவாங்கோ என்று அனுப்பிவிட்டார்.

ஆவணியில் அளவு இருபத்திரண்டுக்கு வந்து நின்றது. இனி இறங்காது, மனுசன் தேறிவிடுவார் என்று சிசிலியா மெழுகுதிரி கொளுத்தினாள். நஸார் மட்டும் நம்பவில்லை. உயிருள்ள இடுப்பு காலையில் ஓர் அளவு காட்டும், சாப்பிட்டால் வேறோர் அளவு காட்டும். முப்பது வருடம் நாடா பிடித்தவருக்கு அது தெரியும். மூன்று நாள், மூன்று வேளை அளந்தார். இருபத்திரண்டு, மயிரளவும் மாறவில்லை. சிசிலியா அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “கால் இஞ்சி கூடியிருக்கு, தங்கச்சி” என்றார். சொன்ன பிறகு அதை உண்மையாக்க வேண்டியிருந்தது. சரிகை தட்டித் தருகிறேன் என்று மாதாமாதம் உடுப்பை வாங்கி, உள்மடிப்பைப் பிரித்துக் கால் அங்குலம் விட்டார். மடிப்பு முடிந்ததும் அதே சிவப்பில் துணி வாங்கி ஒட்டுப் போட்டார்.

இதனால் ஊருக்கு வந்த இடைஞ்சல் பெரிது. அண்ணாவியார் கையால் வெற்றிலையோடு பாட்டுக் கொப்பி வாங்கினவன் உயிரோடிருக்கும் வரை அவன் வேடத்தை வேறொருவர் கட்டக்கூடாது என்பது வழக்கம். ராசா இல்லாமல் கூத்து இல்லை, கூத்து இல்லாமல் கோவில் புனிதருக்கு வைத்த நேர்த்தி தீராது. வலையில் மீனுக்குப் பதில் இழுது போன்ற கடற்சொறி ஏறினாலும் சிசிலியாவைத்தான் பேசினார்கள். மரணச் சான்றிதழை எடு பிள்ளை என்று அண்ணாவியார் மூன்று தரம் வந்து கேட்டார். அவள் மூன்று தரமும் அலுமாரியைத் திறந்து காட்டினாள். ஏழு வருடத்தில் அளவு நாற்பத்துமூன்று. மனுசனுக்குச் சீனி வருத்தம் வந்துவிடுமோ என்று அவள் கவலைப்படத் தொடங்கியிருந்தாள்.

“தடுப்பில சாப்பாடு திறம் போல” என்று கிணற்றடியில் வைத்துச் சொன்னது பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா. “என்ர மனுசனையும் ஒருக்காப் பிடிச்சுக் குடுங்கோவன்.”

பகிடி எந்தக் காதுக்குப் போகக் கூடாதோ அங்கே போனது. சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து கதிரைகளில் இருந்தார்கள். கந்தோர் நம்பாததை இவர்கள் நம்பினார்கள்.

“அவர் எங்க?”

“உங்களிட்ட எல்லோ இருக்கிறார்” என்றாள் சிசிலியா.

“எங்களிட்ட இருந்து ஒருத்தரும் இப்பிடிக் கொழுத்ததில்லை” என்றான் மூத்தவன். “எங்க ஒளிச்சு வைச்சுச் சாப்பாடு குடுக்கிறீங்கள்?”

வெள்ளிக்கிழமைக்குள் புருசனோடு ஆமி முகாமுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் தனியே வரவேண்டும் என்றார்கள். திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒழுங்கை முழுக்கக் கதவுகள் பூட்டியிருந்தன, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு காது இருந்தது. நஸாரின் கதவு மட்டும் திறந்தது. கையில் தையல் பிரிக்கிற பிளேட்டோடு வந்து, யாரையும் பார்க்காமல் உடுப்பை மேசையில் விரித்துத் தன் தையலை வெட்டினார். ஒட்டுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. மிஞ்சிய இடுப்பை மூத்தவன் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். விரல்கள் முட்டுவதற்குக் கொஞ்சந்தான் மிச்சம். கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்தான். இருவரும் ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்கள்.

“எப்ப நிண்டது, நஸார் நானா?” என்றாள் சிசிலியா.

“அந்த ஆவணியே, தங்கச்சி.”

“ஏழு வருசம் அவற்ற சீவனுக்கு மண்டாடினனான். ஆத்துமத்துக்கு ஒரு பூசை குடுக்கேல்லையே.”

பூசை கொடுத்தாள், சான்றிதழும் எடுத்தாள். நஸாரோடு இரண்டு வருடம் பேசவில்லை. மூன்றாம் வருடம் சட்டை தைக்கக் கொடுத்தாள். ராசா கொப்பி பிரதீபனுக்குப் போனது. கலியாண வீடுகளில் இரண்டு பந்தி இருக்கிறவன், இடுப்பு நாற்பது. உடுப்பைப் பெருப்பித்துத் தைக்கச் சிசிலியா விடவில்லை. கூத்தன்று அவன் அதைப் போட்டான், கொளுக்கி சுகமாகப் பூட்டியது. ஒடுங்கியது அவன்தான். கன்னம் ஒட்டி, வலது கை மடிந்து நிமிராமல் சபைக்கு வந்து, கொப்பியில் இல்லாத ஐந்து பாட்டுப் பாடினான்: தகரக் கோப்பையோடு வரிசையில் நிற்கிற ராசா ஒருவன், காவற்காரனுக்குக் கேட்காமல் பாட மற்றவர்களுக்குப் பழக்குகிறான். மத்தளக்காரர் பயத்தில் தாளம் பிந்தினார். பிள்ளைகளைத் தாய்மார் மடிக்குள் இழுத்தார்கள். எழும்பிப் போக ஒருவருக்கும் துணிவில்லை. “அவற்ற எழுத்துத்தான்” என்றாள் சிசிலியா. அண்ணாவியார் எழுதிக்கொண்டார்.

உடுப்பைக் கழற்றியதும் மத்தியானத்துக்குள் பிரதீபன் பழையபடி நாற்பது. அடுத்த வருடம் இன்னும் ஐந்து பாட்டு வந்தது, அதற்கடுத்த வருடமும் ஐந்து. இப்போது திருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கலியாண ஓலை வாசித்து முடித்த கையோடு, ராசா வேடம் கட்டுகிறவர் மூன்று நாளைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு வரவும் என்று கோவிலில் அறிவித்தல் வாசிக்கிறார்கள்.