கண்ணாடிக்குள் மணி

கிர்ரென்று மின்மணி அலறியது. முதல் பெஞ்சுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் மணி அடிக்கிறது என்று இயற்பியல் ஆசிரியைக்குத் தெரிந்தது.

போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது இரண்டு காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. விஷயம் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். "நான் சொன்னா என்னைக்கு நீ காதுல வாங்கின? இப்ப அதுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேறயா?" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார் மனிதர். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

பள்ளியில் தெரிந்தால் வகுப்பு கைவிட்டுப் போகும். கணக்கு வாத்தியாருக்குக் கண் மங்கியபோது, அவரைக் கொண்டுபோய் நூலகத்தில் உட்காரவைத்த புண்ணியவான்கள் இந்தப் பள்ளி நிர்வாகத்தார்.

நல்லவேளை, இந்த ஒன்பதாம் வகுப்பு கொஞ்ச நாளாகத் தங்கமாக மாறியிருந்தது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாய் திறப்பதில்லை. எழுந்து, அவள் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாகப் பேசினார்கள். வாயை மூடத் தெரியாமல் 'ரேடியோ' என்று பேர் வாங்கிய பெண்கூட அப்படித்தான். ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கவும் தெம்பில்லை.

இன்று கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை. பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். பயம் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை.

மணியைக் கண்ணாடி ஜாடிக்குள் தொங்கவிட்டு மூடினாள். காற்றை உறிஞ்சும் பம்ப்பைப் போட்டு மேசையில் உள்ளங்கையை வைத்தாள். பம்ப் ஓடுகிற அதிர்வு கையில் ஏறியது.

"சத்தம்னா என்ன? ஒரு பொருள் அதிருது. பக்கத்துல இருக்கிற காத்தை இடிக்குது. அது அடுத்த காத்தை இடிக்குது. கூட்டமான பஸ்ல பின்னாடி ஒருத்தர் இடிச்சா, முன்னாடி வரைக்கும் வரிசையா ஆடுவாங்கல்ல? ஆளுங்க அங்கங்கதான் நிக்கிறாங்க, இடி மட்டும் போய்ச் சேருது. பஸ்ல இருக்கிற அத்தனை பேரையும் இறக்கிட்டா?"

ரேடியோ எழுந்தாள். "இடிக்க ஆளில்ல மிஸ். டிரைவருக்கு நிம்மதி."

வகுப்பு சிரித்தது. தோள்கள் குலுங்குவது தெரிந்தது.

"அதேதான். பம்ப் காத்தை உறிஞ்சுது. சத்தம் குறையுது பாருங்க... இன்னும் குறையுது..."

வருடக்கணக்கில் செய்த சோதனை. எந்த நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பது நாக்குக்கே பழகியிருந்தது. ஜாடிக்குள் சுத்தியல் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப கேக்குதா?"

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ரேடியோ பக்கத்துப் பெண்ணை முழங்கையால் ஒரு இடி இடித்தாள். உடனே எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தன.

"கேக்கல மிஸ்!"

தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். குனிந்து, மேசைக்கடியில் கிடந்த ரப்பர் குழாயின் நுனியை எடுத்துக் காட்டினார். அது ஜாடியில் மாட்டப்படவே இல்லை. பம்ப் இவ்வளவு நேரமும் அறையின் காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. குழாய் கழன்றால் புஸ்ஸென்று இரையும். அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் எப்போதும் சரிசெய்வாள்.

"மணி கணீர்னு அடிக்குது டீச்சர்," என்றன தலைமை ஆசிரியையின் உதடுகள்.

அவள் மேசைமேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். யாருடைய கையோ போலிருந்தது.

தலைமை ஆசிரியை வகுப்பின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். முதுகுக்கு உதடு ஏது? என்ன கேட்டார் என்று தெரியவில்லை.

ரேடியோ எழுந்தாள். பதில் தலைமை ஆசிரியைக்கு. முகம் மட்டும் ஆசிரியையை நோக்கியே இருந்தது. வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"மிஸ்ஸுக்கு முகம் தெரியிற மாதிரி திரும்பிப் பேசுங்க மேடம். இந்த கிளாஸ்ல நாங்க எல்லாரும் அப்படித்தான் பேசுறோம்."