ஆரஞ்சு நிறம் போகாதவரை

லெவ்கே அந்த ரொட்டியை வேண்டாமென்று சொன்னபோதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், பச்சைப் பன்றிக்கறியை அரைத்து வெங்காயத்தோடு தடவிய ரொட்டிதான் விருந்து. அன்று எனக்கு ஐம்பத்திரண்டு முடிந்திருந்தது. வேறு நாளாயிருந்தால் லெவ்கே மூன்றைத் தின்றுவிட்டு நான்காவதை என் தட்டிலிருந்து எடுத்திருப்பாள். அன்றைக்கு ஓரமாய் நின்று ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்குப் பச்சைக்கறி ஆகாது என்பது இந்த ஜெர்மன் ஊரான மைன்ஸில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

குடுவை கழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டேன். "எத்தனை வாரம்?"

"ஒன்பது. வாயைத் திறந்தே, கொன்னுடுவேன் ஹென்னிங்."

சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை. இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருக்கிறது. இரண்டாவது முறை அவளை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோனவன் நான். அவள் கணவன் தோர்பெனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

அவள் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. சொன்ன மறுநிமிடம் அவள் ஆய்வகத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அதுதான் விதி, நல்ல விதியும்கூட. ஆனால் அவளுடைய முனைவர் பட்டத்துக்கு வேண்டிய கடைசி பாலிமரை அந்த வியாழக்கிழமை செய்தாக வேண்டும். சாதாரணப் பாலிமர் நீளமான சங்கிலி. அவளுடையது மரம்: கிளை, கிளையில் கிளை, அதிலும் கிளை. காற்றும் ஈரமும் படாதவரை சங்கிலியின் நுனி உயிரோடு இருக்கும். உயிரோடு இருந்தால் குடுவை ஆரஞ்சு நிறம். அதில் இணைப்புத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக, ஆறு மணி நேரம் விட வேண்டும். ஒவ்வொரு சொட்டும் சில சங்கிலிகளைப் பிடித்துக் கிளையாக ஒட்டும். அவசரப்பட்டால் நுனிகள் எல்லாம் செத்து, குடுவை நிறமில்லாமல் வெறும் தண்ணீராய் நிற்கும். திரவம் ஒருமுறைக்குத்தான் மிச்சம் இருந்தது. மறுபடி தயாரிக்க மூன்று மாதம் ஆகும். அவள் வேலை ஒப்பந்தமோ டிசம்பரோடு சரி.

"நான் செய்யறேன். நீ வெளில நில்லு," என்றேன்.

"நீயா? மார்ச்ல என்ன பண்ணினே?"

"அன்னிக்கு மேட்ச் இருந்துது. சீக்கிரம் போகணும்னு கொஞ்சம் வேகமா விட்டுட்டேன்."

"மேட்ச் என்ன ஆச்சு?"

"அதுவும் தோத்துது."

நெடுநேரம் என் கைகளையே பார்த்தாள். இருபத்தாறு வருடமாக இந்த ஆய்வகத்தில் உழைத்த கைகள். ஆனாலும் பொறுமைக்குப் பேர்போனவை அல்ல. பிறகு பேராசிரியரின் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கழுத்தில் ஆய்வக அட்டை இல்லை.

வியாழனன்று காலை ஒன்பதரைக்குத் தொடங்கினோம். நான் உள்ளே, அவள் நடைவழியில் ஒரு நாற்காலியில். நடுவே கதவின் கண்ணாடி, காதில் ஃபோன். பம்பை நம்பக்கூடாது, நிறத்தைப் பார்த்துக் கையால் ஊசியை அழுத்தித்தான் சொட்டு விடவேண்டும் என்பது அவள் கட்சி. அரைமணிக்கு ஒருதரம் நிறம் பார்த்து, குறிப்பேட்டில் 'உயிருடன்' என்று எழுதுவது எங்கள் வழக்கம்.

"இருக்கா?"

"இருக்கு."

"வேகமாப் போறே."

"நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. எண்ணிட்டுத்தானே இருக்கே."

ஒரு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் நாற்காலியில் ஆளில்லை. ஃபோனில் மூச்சு மட்டும் கேட்டது.

"டாய்லெட்ல இருக்கேன். கொஞ்சம் ரத்தம் வருது. தோர்பென் வந்துட்டிருக்கான். நீ பாதில விட்டுடாதே ஹென்னிங்."

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஊசியை விட முடியாது. சொட்டு விட்டேன். நிமிடம் பார்த்தேன். அடுத்த சொட்டு. சர்ச்சுக்கெல்லாம் போகாதவன் நான். அன்றைக்கு ஒவ்வொரு சொட்டுக்கும் யாரிடமோ கெஞ்சினேன்.

மூன்றரைக்குக் கடைசிச் சொட்டு விழுந்தது. நிறம் வெளுத்திருந்தது, ஆனாலும் ஆரஞ்சுதான். இனி கொஞ்சம் மெத்தனால் விட்டால் நுனிகள் அடங்கிவிடும், நிறம் போய்விடும், வேலை முடியும். செய்முறைப்படி உடனே விடவேண்டும். மெத்தனாலை ஊசியில் எடுத்தும்விட்டேன். அதற்குமேல் கை போகவில்லை. இந்தச் சங்கிலிகளுக்கு ஒரு குணம் உண்டு. ஊட்ட ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும் சாகாது, காத்திருக்கும். நானும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நாலரைக்கு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஸ்கேன் திரையைப் பாக்கவே பயமா இருந்துது. டாக்டரம்மாதான் என் பக்கம் திருப்பினாங்க. துடிக்குது ஹென்னிங். குட்டியூண்டு."

"ரத்தம்?"

"ஏன்னு அவங்களுக்கே தெரியலை. ஒரு வாரம் போகட்டும், பாக்கலாங்கறாங்க. படுத்தே இருக்கணுமாம்."

நான் அழுதேன். மூக்கை உறிஞ்சிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"என்னோடது எப்போ முடிச்சே?"

"முடிக்கலை. உன்னைக் கேக்காம எப்படி?"

"மூணரைலேர்ந்து சும்மாவா உக்காந்திருக்கே? நீயா?" என்றவள், "காட்டு," என்றாள்.

ஃபோனைக் குடுவைக்கு நேரே பிடித்தேன். திரையில் தலையணையும் பாதி முகமும் தெரிந்தன. ஒரு கை போர்வைக்குள் வயிற்றின்மேல் இருந்தது. என் மற்றொரு கையில் மெத்தனால் ஊசி.

"விட்டுடவா?"

அவள் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு," என்றாள், மிக மெல்ல.

என்னிடம்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் ஊசியிலிருந்து கட்டைவிரலை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே நவம்பர் இருட்டிக்கொண்டு வந்தது. குடுவைக்குள் ஆரஞ்சு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.